நூற்றெண்பத்தாறு மகள்கள்

“யாருக்குன்னு எழுதுவே?” என்று முதலில் கேட்டார் அக்கா.

“மின்நிலையத்துக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரிக்கு.”

“சரி, எழுது. எங்க தெருவுக்குப் பின்னாடி கேஸ்ல ஓடுற கரண்டு பிளான்ட் கட்டப்போறீங்களாம். கட்டாதீங்க.”

“ஏன்னு காரணம் சொல்லணும்க்கா.”

அக்கா மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை. கையிலிருந்த சட்டையின் ஓரத்தை ஓட்டி முடித்து, நூலைக் கத்தரித்துவிட்டுச் சொன்னார்.

“எம் பொண்ணுக்குப் பதினோரு வயசு. மூச்சிழுப்பு இருக்கு. மேற்கு ஜன்னலுக்குக் கீழதான் அவ கட்டில். ஜன்னலைத் திறந்தா நீங்க கட்டப்போற இடம். அது வந்தா பிள்ளைய இங்க வச்சுக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். என் நாத்தனார் ஊருக்குத்தான் அனுப்பணும். நான் அனுப்ப மாட்டேன்.”

“மாட்டேன்னு அதிகாரிக்கு எழுத முடியாது. ‘அனுப்ப எனக்கு மனமில்லை’ன்னு போடறேன்.”

“என்ன, ரொம்ப சாதுவா இருக்கு?”

“ஆபீஸ் மொழியில அப்படித்தான் வரும்.”

கட்டிலில் உட்கார்ந்திருந்த மகள் குறுக்கிட்டாள். “அம்மா, எனக்குப் பதினொண்ணு இல்ல, பதினொன்றரை.”

“அரைக்கெல்லாம் தாள்ல இடமில்லடி” என்றார் அக்கா. பிறகு என்னிடம், “கையெழுத்து எங்க போடணும்?” என்று கேட்டார்.

தெருவில் எல்லாரும் அவரை ஓவர்லாக் அக்கா என்றே கூப்பிட்டார்கள். துணியின் விளிம்பு பிரியாமல் பின்னும் அந்த மெஷினை முதலில் வாங்கியவர் அவர்தான். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தையல். ஒரு வீட்டில் காலர், அடுத்த வீட்டில் பட்டன், அதற்கடுத்த வீட்டில் இஸ்திரி. ஏஜென்ட் ஒரு சாம்பிள் சட்டை கொண்டுவந்து கொடுப்பார். அதை அக்கா வீட்டுச் சுவரில் ஆணியில் மாட்டிவிடுவார்கள். எல்லாரும் வந்து அதைப் பார்த்துத் தைக்க வேண்டும். ஒரு அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் என்றால் பன்னிரண்டுதான். சாம்பிளிலேயே பாக்கெட் கொஞ்சம் கோணலாக இருந்தால் முந்நூறு சட்டையிலும் பாக்கெட் அதே கோணலில் இருக்கும். சொந்த மூளையைக் காட்டியவர்களின் சட்டைகளை, கம்பெனியில் தரம் பார்க்கும் செக்கர் மூட்டையாகத் திருப்பி அனுப்புவார்.

நான் எழுதிய மனுவை அக்கா அதே ஆணியில் மாட்டினார். எதிர்ப்பு தெரிவிக்கப் பத்து நாள்தான் கெடு. ஒவ்வொருவராக வந்தார்கள். ஆபீஸ் மொழி நாங்கள் பேசும் மொழி இல்லை; அவர்களில் பலருக்கு அதன் எழுத்தே தெரியாது. எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். நான் இடது பக்கம் விட்டிருந்த ஓரத்தைக்கூட ஒருவர் அளவுநாடா வைத்து அளந்தார். கீழே பெயரும் விலாசமும் மட்டும் மாறின. அவரவர் காரணத்தை எழுதுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டு மனுக்களைக் கையில் எடுத்துப் படித்தும் பார்த்தேன். இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று அடுக்கிவைத்துவிட்டேன்.

மொத்தம் நூற்றெண்பத்தாறு.

விசாரணை நகராட்சி மண்டபத்தில் நடந்தது. மின்விசிறிகள் புதிதாக இருந்தன. அதிகாரி மனுக்கட்டைப் பிரித்து, மேலாக இருந்ததை எடுத்தார்.

“நூத்தி எண்பத்தாறு மனு. எல்லார் வீட்டிலயும் பதினோரு வயசுப் பொண்ணு. எல்லாருக்கும் மேற்கு ஜன்னல். இந்தத் தெருவுல கிழக்கே பார்த்து ஒரு ஜன்னல்கூடக் கிடையாதா?”

கம்பெனி ஆட்கள் குனிந்து சிரித்தார்கள். அதிகாரி ஒரு பெயரைப் படித்தார். பட்டன் தைக்கும் ஒண்டிக்கட்டை எழுந்து நின்றார்.

“ஐயா, இதுல ‘என் கணவரின் தங்கை’ன்னு எழுதியிருக்கீங்க. உங்க கணவர் வந்திருக்காரா?”

“அவருக்குப் பொண்டாட்டிக்கே வழியில்ல சார்!” என்று பின்வரிசையிலிருந்து எங்கள் தெருக்காரர் ஒருவரே கத்தினார். மண்டபமே சிரித்தது. ஒண்டிக்கட்டையும் சிரித்தார். அக்காவும் சிரித்தார், அதை நான் பார்த்தேன்.

வாசகம் ஒன்றாக இருந்தால் எத்தனை வந்தாலும் ஒரே எதிர்ப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்களாம். அதுதான் விதி என்றார் அதிகாரி. அப்போதுதான் அக்கா எழுந்தார்.

“எம் பொண்ணு நெசம் சார்.”

“பொய்னு யாரும்மா சொன்னா? ஒண்ணுன்னு எண்ணியாச்சு. உட்காருங்க.”

அக்கா உட்கார்ந்தார். மடியில் இருந்த பையின் வாரைச் சரிசெய்தார்.

திரும்பும்போது பேருந்தில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. “செக்கர்கிட்ட எல்லாம் ஒண்ணா இருந்தா பாஸ். இவர்கிட்ட ஒண்ணா இருந்தா ரிஜெக்ட். இதை நமக்கு யார் சொன்னா?” என்றார் அக்கா. அதன்பின் இறங்கும்வரை ஜன்னல் வழியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அனுமதி கிடைத்துவிட்டதாகச் செய்தித்தாளில் நாலு வரி வந்தது. லாரிகள் வந்தன. தைத்த வெள்ளைச் சட்டைகளின் மேல் தூசி படிந்ததால் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தார்கள். அக்கா மேற்கு ஜன்னலுக்குப் பலகை அடித்தார். இடுக்குகளில் வெட்டுத்துணியைத் திணித்தார். கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினார். புகைபோக்கி எழும்பியது; அதற்கு வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை அடித்தார்கள். பார்க்க நன்றாகவே இருந்தது.

சோதனை ஓட்டம் தொடங்கிய வாரம், பெரிய குக்கர் ஒன்று அடங்காமல் சீறுவதுபோல் ஒரு சத்தம் பகலெல்லாம் கேட்டது. மூன்றாம் நாள் காலையில் மகளுக்கு இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காரணம் பிளான்ட்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆனால் அனுப்பிவிடுங்கள் என்றார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள்.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலின்மேல் பாதி மூடிய பெட்டி. மகள் தன் புத்தகங்களை அதில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் அதே ஆணியில் புது சாம்பிள் ஒன்று தொங்கியது, நீலச் சட்டை. பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க ஒரு படிவம் வந்திருந்தது. அதுவும் ஆபீஸ் மொழியில்.

நான் உட்கார்ந்து நிரப்பினேன். பெயர். வகுப்பு. பிறந்த தேதி.

“வயசு என்ன போடட்டும்க்கா?”

“பதிமூணு” என்றாள் மகள்.

அடுத்த வரியில் விலகும் காரணத்தைக் கேட்டிருந்தார்கள். இரண்டு விரற்கடை இடம் விட்டிருந்தது. நான் அதைப் படித்துச் சொன்னேன். அக்கா மெஷினை நிறுத்தினார்.

“அதுல மட்டும் ஒண்ணும் எழுதாத, கண்ணு” என்றார். “அந்த இடத்தை அப்படியே விட்டுடு.”