வாரத்துக்கு விட்ட சாம்பல் கோழி

வேப்பந்தட்டையில் இருக்கும் என் சித்தப்பாவிடம் ஒரு சாம்பல் சேவலையும் சாம்பல் பெட்டையையும் வாரத்துக்கு விட்டிருந்தேன். வளர்ப்பது அவர், பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. பங்கு பிரிக்கிற அன்று நான் போய்ச் சேர்வதற்குள் சாம்பல் குஞ்சு மொத்தத்தையும் தன் பஞ்சாரத்துக்குள் போட்டு மூடிவிட்டார். கருப்பும் அழுக்கு வெள்ளையும்தான் எனக்கு. “உன் மூஞ்சிக்கு இது போதும்டா” என்றார், தெருவே பார்க்க. கொடுத்ததைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தேன்.

சாம்பலோடு சாம்பலைச் சேர்த்தால் பாதிக் குஞ்சு கருப்பும் அழுக்கு வெள்ளையுமாகத்தான் வரும். அந்தக் கருப்பையும் அழுக்கு வெள்ளையையும் ஜோடி சேர்த்தால் அத்தனையும் சாம்பல். கோழி வளர்த்தே தலை நரைத்தவருக்கு இது தெரியாது. நானா சொல்வேன்?

மறு வருஷம் என் கொட்டகையில் பொரித்ததெல்லாம் சாம்பல். அரியலூரிலிருந்துகூட ஆட்கள் பைக்கில் தேடி வந்தார்கள். கடைசியில் அவரும் வந்தார்.

“எனக்கு மட்டும் கலந்து கலந்து வருதுடா. நல்ல ஜோடியா ஒண்ணு குடேன்.”

“உங்களுக்கு இல்லாததா சித்தப்பா?”

இருப்பதிலேயே அழகான சாம்பல் சேவலையும் சாம்பல் பெட்டையையும் பிடித்து, காலைக் கட்டி, நானே அவர் வண்டியில் மாட்டிவிட்டேன். அடுத்த வருஷமும் அவர் என் வாசலில் வந்து நிற்க வேண்டும்.