கார்டு வீட்டு ஆட்கள்

கல் குவாரிக்காகப் போட்ட குறுகிய ரயில் பாதை அது. குன்றைத் தோண்டித் தீர்த்ததும் குவாரிக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சிய எஞ்சினில் ரயில்வேக்காரர்கள் நாலு பெட்டியைக் கோத்து ஆட்களை ஏற்றத் தொடங்கினார்கள். சைக்கிளில் போகிறவன் அதை முந்திக்கொண்டு போவான். இந்த லட்சணத்தில் ஓடிய ரயிலுக்குத்தான் என் பெரியப்பா கார்டு. இன்று அங்கே தண்டவாளம்கூட இல்லை. அதற்கு அவர்தான் காரணம் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பச்சைக் கொடி கைக்கு வந்ததுமே மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரர் யாரைக் கண்டாலும், "நான் இருக்கும்போது நமக்கு எதுக்கு டிக்கெட்டு? சும்மா ஏறுங்க" என்பார். மச்சான், சகலை, சகலையின் பங்காளி, பங்காளியின் ஆடு வரைக்கும் ஓசிப் பயணம்தான். இறங்கும்போது "எல்லாம் உங்க தயவு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குளிர்ந்துபோவார். இப்படியொரு வெட்டி ஜம்பத்தை நான் எங்கும் கண்டதில்லை.

பெரியம்மாவுக்கு மட்டும் அந்தத் தயவு கிடையாது. "கார்டு பொண்டாட்டி ஓசியில வர்றான்னு நாலு பேர் பேசணுமா? வரிசையில நின்னு எடு" என்பார். முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்கப் போகும்போதும் அவள் வரிசையில்தான் நின்றாள்.

ஒருநாள் பாதையை மூடப்போவதாகப் பேச்சு வந்தது. ரயிலில் எத்தனை பேர் போகிறார்கள் என்று பார்க்க ஓர் அதிகாரி வருகிறாராம். ரயில் நின்றால் பெரியப்பாவின் வேலையும் போய்விடும். வீடு வீடாக ஓடினார். "அன்னைக்கு எல்லாரும் வந்து ஏறிடுங்க. நிக்கக்கூட இடம் இருக்கக் கூடாது."

"டிக்கெட் எடுக்கச் சொன்னீங்களா?" என்று கேட்டாள் பெரியம்மா.

"ரயிலைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா? போய் வேலையைப் பாரு."

அன்று ரயில் பிதுங்கி வழிந்தது. பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டே அதிகாரியைப் பெட்டிக்குள் கூட்டிவந்தார். அதிகாரி சகலையிடம் டிக்கெட் கேட்டார். சகலை சிரித்தபடி பெரியப்பாவைக் காட்டினார். "நாங்க கார்டு வீட்டு ஆளுங்க."

அடுத்தவரும் அதையே சொன்னார். நாலு பெட்டியிலும் அதே பதில். சொல்லும்போது அந்த முகங்களில் ஒரு பெருமை வேறு. பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை.

கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா டிக்கெட்டை நீட்டினாள். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்களும் கார்டுக்குச் சொந்தமாம்மா?"

பெரியம்மா பெரியப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இல்லைங்க. நான் டிக்கெட் எடுத்து வந்தவ."