கேள்வி கேட்காத கடை

அக்கா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டபோது ஒன்றரை வயது மகளையும் தன் போனையும் என்னிடம் விட்டுப் போனாள். போனுக்குள் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தாள்.

"மலைக்குப் போயிட்டு வந்துர்றேன் கண்ணு, தூங்கு."

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விடும்போது சொல்வது அதுதான். அதைப் பொய்யென்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. கடலுக்கு அப்பாலும் ஒரு மலை இருக்கட்டுமே.

எங்கள் பிள்ளைக் காம்பராவில் ஆயா நான்தான். மத்தியானம் மூடுபனி சன்னல் வழியாக வந்து தொட்டில்களுக்கு நடுவே நிற்கும். குரலைப் போட்டால் பிள்ளை பனியைப் பார்த்துச் சிரித்தபடியே தூங்கும். அக்கா அந்தப் பனிக்குள் நிற்பதாக எனக்கும் தோன்றும். அவள் வேலை செய்த வீட்டில் போனில் பேச விடவில்லை. எப்போதாவது கடிதம் வரும்.

குரல் மட்டும் சன்னம். மழை தகரத்தில் அடித்தால் கேட்காது. சத்தத்தைக் கூட்டும் செயலி போனுக்குள்ளேயே இருக்கும் கம்பனிக் கடையில் இருந்ததாம், வாங்க வங்கி அட்டை வேண்டுமாம். தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறவர்களுக்கு ஏது அட்டை? பொகவந்தலாவைக் கடைவீதிப் போன் கடைக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை.

"எல்லாம் நம்மகிட்ட இருக்குங்க தங்கச்சி" என்று தன் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றிக் கொடுத்தார். குறை சொல்லக்கூடாது, எங்கள் போன்களில் தமிழ் எழுத்து வந்ததே அவர் புண்ணியத்தில்தான். இரண்டு நாள் அக்கா கணீரென்று பேசினாள். மூன்றாம் நாள் போன் அப்படியே நின்றுவிட்டது. கடைக்காரரிடமே எடுத்துப் போனேன்.

"எங்கிருந்து வந்த சாமானோ, யாருக்குங்க தெரியும்? மொத்தமா அழிச்சாத்தான் வேலை செய்யும்" என்றார்.

தலையாட்டினேன். குரலும் போய்விடுமா என்று கேட்க வேண்டுமே, இந்த மக்குக்குத் தோன்றவில்லை. அவர் என்னைக் கேட்காதது போலவே நானும் அவரைக் கேட்கவில்லை.

போன் வேலை செய்தது, அக்கா குரல் அதில் இல்லை. வழியெல்லாம் அழுதேன். மறுநாள் மத்தியானம் போனைப் போடுவது போல் காட்டிவிட்டு, தொட்டில் சேலைக்குப் பின்னால் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அக்கா மாதிரி நானே சொன்னேன். பிள்ளை தூங்கிவிட்டது. மூன்று வருடம் அப்படியே போயிற்று.

அக்கா திரும்பி வந்தாள். மகளை மடியில் போட்டுக்கொண்டு, "தூங்கு கண்ணு" என்றாள். பிள்ளை திமிறி இறங்கி, பழைய போனை எடுத்துவந்து என் கையில் வைத்தது.

"சித்தி, இவங்க வேணாம். எங்கம்மாவப் போடுங்க."

"போடேன், நானும் கேக்குறேன்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவள் முன்னால் மூக்கைப் பிடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.