ஒரு நொடி மூக்குச் சுளிப்பு

நடந்தவை:

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் பட்டாபிராமில் ஒரு வீட்டுக்கும் இடையே வீடியோ கால். நேரில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ஒரு பெண் பார்ப்பு.
2. அம்மா அவர்களிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.
3. அந்தப் பேச்சு முழுவதையும் பதிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை.
4. திங்கட்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபோது, பதிவை அலுவலக மென்பொருளில் போட்டேன்.
5. அப்பாவைப் பற்றி அம்மா சொன்ன இடத்தில், மாப்பிள்ளையின் முகத்துக்கு அது ‘அருவருப்பு’ என்று பெயர் வைத்தது.
6. அன்று மாலை இந்த இடம் வேண்டாம் என்றேன். அம்மா காரணம் கேட்டாள். சொன்னேன்.

ஆறாவதை மட்டும் செய்யாமல் இருந்திருந்தால் மற்ற ஐந்தோடும் எப்படியாவது இருந்திருப்பேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை செய்கிறேன். வேலைக்கான இன்டர்வியூவுக்கு வருகிறவர்களின் முகத்தைப் படிக்கும் மென்பொருள் எங்களுடையது. புருவம், கண்ணோரம், மூக்கின் பக்கச் சதை, உதட்டு முனை எல்லாவற்றிலும் புள்ளி வைத்து, அவை நகர்வதை அளந்து, ஒரு பெயர் கொடுக்கும். மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு. இவற்றில் எதிலும் சேராவிட்டால் ‘எதுவுமில்லை’. அவமானம் அந்தப் பட்டியலில் கிடையாது. கையில் கட்டும் பட்டை ஒன்றும் உண்டு. நாடியையும் தோலில் ஊறும் வேர்வையையும் எடுக்கும். சோதனைக்காக நாங்களே அதைக் கட்டிக்கொண்டு திரிவோம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் கட்டியிருந்தேன், வளையலுக்குப் பின்னால் தள்ளி.

அப்பா பூந்தமல்லியில் இருக்கிறார், வேறொரு குடும்பத்தோடு. அம்மா இதை மறைப்பதே இல்லை. வரன் பேச்சு ஆரம்பித்ததும் முதலில் அதைத்தான் சொல்வாள். “அப்புறம் தெரிஞ்சு நாலு பேச்சு வரக் கூடாதுங்க” என்பாள். அதைக் கேட்டதும் எதிர்ப்பக்கத்துக் குரலில் மரியாதை கூடிவிடும். கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்பார்கள். சொல்ல மாட்டார்கள். அம்மா போனை அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு சமைப்பாள், குளிக்கப் போனால் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அந்தக் காத்திருப்பு இன்னொரு முறை வேண்டாம் என்றுதான் பதிவு செய்தேன். அவர்கள் வேண்டாம் என்று நினைத்தால் அது எனக்கு முன்பே தெரிந்துவிட வேண்டும். அதற்குக் கருவி என் கையில் இருந்தது.

“நீ அப்பா விஷயம் சொன்னப்ப அவர் மூஞ்சி சுளிச்சாரும்மா” என்றேன் அந்தத் திங்கட்கிழமை மாலை.

“நல்லாத்தானேடி பேசிக்கிட்டு இருந்தாரு?”

“நீ கவனிக்கல.”

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மாவோடு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிற அக்காதான் அந்த வரனைக் கொண்டு வந்தவர். அவரிடம் காரணத்தை அப்படியே சொன்னாள். அவரும் பட்டாபிராமில் அப்படியே சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்து வேறொரு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. நான் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். “அவங்கப்பா துபாய்ல இருக்காருங்க. லீவு கிடைக்காது” என்று அம்மா சொல்வது கேட்டது. பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பாமல் வெங்காயம் நறுக்கினாள். அம்மா பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

அந்த வாரம்தான் பட்டாபிராம்காரரிடமிருந்து மெசேஜ் வந்தது. “நான் முகம் சுளித்ததாகச் சொன்னீர்களாம், அதற்கு ஒரு காரணம் உண்டு, நேரில் சொல்ல வேண்டும், என் அண்ணியும் கூட வருவார்” என்று எழுதியிருந்தார். ஆவடி ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு பேக்கரியில் சந்தித்தோம்.

நான் உட்காருவதற்குள் அண்ணி ஆரம்பித்துவிட்டார். “நான்தாம்மா காபில உப்ப போட்டேன்.”

எனக்குப் புரியவில்லை.

“அன்னிக்கு ஊட்ல எல்லாரும் எக்ஸாமுக்குப் போற மாறி உக்காந்துனு இருந்தாங்க. சும்மா கலாய்க்கலாம்னு இவுரு காபில மட்டும் ரெண்டு ஸ்பூன் உப்பு. என் கல்யாணத்துல இவுரு என் செருப்ப ஒளிச்சு வெச்சாருல்ல, அதுக்கு.”

“பழி வாங்க நல்ல நாள் பாத்தாங்க” என்றார் அவர்.

“நான் இன்னா கண்டேன்? கரெக்டா உங்கம்மா அந்த விஷயத்த சொல்லசொல்ல இவுரு ஒரு வாய் குடிச்சுட்டாரு.”

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அவ்ளோ கஷ்டமான விஷயத்த உங்க அம்மா சொல்லினு இருக்காங்க. நடுவுல நான் உப்புன்னு கத்த முடியுமா? அப்படியே முழுங்கிட்டேன்.”

மென்பொருள் தப்பு செய்யவில்லை. அவர் மூக்கு சுளித்தது நிஜம், அதற்கு வைத்த பெயரும் சரி. எதைப் பார்த்து, எதற்காக என்பது அதற்குத் தெரியாது. தெரியாது என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பாவைப் பற்றிய வாக்கியத்தோடு அதைச் சேர்த்து முடிச்சுப் போட்டது நான்.

“ஒண்ணு கேக்கலாங்களா?” என்றார். “எங்கம்மா பக்கத்துலயே உக்காந்துனு இருந்தாங்க. அவங்களே பாக்கல. ஒரு செகண்டு கூட இருக்காது. நீங்க எப்படி பாத்தீங்க?”

கவனித்தேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எதிரில் அண்ணி, தான் செய்ததைக் கேட்காமலே சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். நானும் சொன்னேன். கம்பெனி, பதிவு, மதிய இடைவேளை, மென்பொருள் என்று வரிசைப்படுத்திச் சொன்னேன். எதையும் வரிசைப்படுத்திவிட்டால் அது எனக்குச் சின்னதாகத் தெரியும். அன்று தெரியவில்லை.

“இன்னாது, என் கொழுந்தன ஸ்கேன் எடுத்து பாத்தியா?” அண்ணி சிரித்துவிட்டார். “என் மூஞ்சியும் வந்துச்சா அதுல?”

“இல்லக்கா.”

“நல்ல வேள. தப்பிச்சேன்.”

அவர் சிரிக்கவில்லை. “எனக்கு எவ்ளோ மார்க்கு போட்டுச்சு?”

“மார்க் இல்லைங்க. பேரு மட்டும் சொல்லும்.”

“இன்னா பேரு?”

“அருவருப்பு.”

கையிலிருந்த முட்டை பப்ஸைத் தட்டில் வைத்தார். “அவங்க ஊட்டு விஷயத்த கேட்டு நான் அருவருத்தேன்னு உங்கம்மா இப்பவும் நெனச்சுனு கீறாங்களா?”

தலையாட்டினேன்.

“உங்க மூஞ்சிக்கு இன்னா போட்டுச்சு?”

“பார்க்கலை” என்றேன். உண்மைதான். பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். “எங்க ஊட்ல உங்கள எல்லாருக்கும் புடிச்சுதான் இருந்துச்சு. நேர்ல வர்றோம். ஆனா மொதல்ல உங்கம்மா கிட்ட சொல்லிடுங்க. உப்ப மட்டும் இல்ல, மெஷினையும். சொல்லாம நான் வந்து அவங்க எதிர்ல உக்கார முடியாதுங்க. என் மூஞ்சியவே பாத்துனு இருப்பாங்க.”

“போன் பண்ணும்மா” என்றார் அண்ணி. “காபி நான் போட மாட்டேன்.”

மறுநாள் அலுவலகத்தில், பதிவில் என் பக்கத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ‘எதுவுமில்லை’. பட்டாபிராம் ட்ரெயினைப் பற்றி அவர் சொன்ன ஜோக்குக்கும் அதுதான், அம்மா அப்பாவைப் பற்றிச் சொல்லும்போதும் அதுதான். பட்டையின் கணக்கு வேறாக இருந்தது. அம்மா அந்த வாக்கியத்தை ஆரம்பித்ததும் என் நாடி ஏறியிருக்கிறது, பேச்சு முடியும்வரை இறங்கவில்லை. அவர் முகத்தை வைத்து நான் முடிவு செய்த மாதிரி அவர்கள் என் முகத்தை வைத்து முடிவு செய்திருந்தால், அன்றே என்னை வேண்டாம் என்றிருக்க வேண்டும். அவர்கள் வெறும் கண்ணால் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்றார்கள்.

அன்று மாலை அம்மாவிடம் உப்பு விஷயத்தைச் சொன்னேன்.

“உப்பா?” அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு குசும்பு பாரேன். அவரும் முழுங்கிட்டாரா? பாவம்.” சிரிப்பு நின்றதும் கேட்டாள்: “ஆமா, நான் நேருக்கு நேரா பார்த்துத்தானே பேசிட்டு இருந்தேன். எனக்குத் தெரியல. நீ எப்படிடி பார்த்த?”

“பார்த்தேன்மா.”

“உனக்குக் கண்ணு கூர்மைடி” என்றாள். அதில் பெருமை இருந்தது. நான் பாத்திரம் கழுவப் போனேன்.

இப்போது இருக்கும் நிலை இது. பதிவை அழித்துவிட்டேன். என் கண் கூர்மை என்று அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அப்பா துபாயில் இருப்பதாக ஒரு வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மென்பொருளைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. அதனால் பட்டாபிராமுக்குப் போன் செய்யவில்லை. அவர்களும் வரவில்லை.