கேட்டு ஆன்ட்டி காட்டிய வழி

எங்கள் கல்லூரி வாசலில் பதினோரு வருடம் காவல் நின்றவர் காந்தாம்மா. மாணவர்களுக்கு அவர் 'கேட்டு ஆன்ட்டி'. யாராவது வழி கேட்டால், கேள்வி முடிவதற்குள் கை நீட்டிவிடுவார். ஒக்கலிபுரத்தில் இருக்கும் வீட்டிலிருந்து காலை ஆறரைக்கே வந்துவிடுவார். அவருடைய குரலுக்கு லெக்சரர்களே வண்டியை ஓரம் கட்டுவார்கள். நூலகத்தில் வேலை பார்க்கும் என்னையே ஐடி கார்டு இல்லையென்று இரண்டு முறை திருப்பி அனுப்பியவர்.

போன ஜூனில் அட்மிஷன் நடந்துகொண்டிருந்த நாள். ஒரு பெண் வந்து, "ஆன்ட்டி, கவுன்சலிங் எங்க?" என்று கேட்டாள். காலையிலிருந்து இருநூறு பேர் கேட்ட கேள்வி. காந்தாம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீட்டு ஒதுக்கும் கூடத்தைக் காட்டி, "மார்க்ஸ் கார்டு இருக்கா? லைன்ல நில்லு" என்று அனுப்பிவிட்டார்.

அவள் கேட்டது மூன்றாம் மாடி அறையை. மனசு சரியில்லாத மாணவர்கள் பேசுவதற்காக அங்கே ஒரு ஆலோசகர் இருக்கிறார். அதற்கும் பெயர் கவுன்சலிங்தான். இப்படிப் பெயர் வைத்தவர்களை என்ன சொல்லித் திட்டுவது!

ஒரு மணி நேரம் அந்தப் பெண் வாய் திறக்காமல் வரிசையில் நின்றிருக்கிறாள். "இங்கயே படிக்கிற பொண்ணு, உனக்கெதுக்கு கவுன்சலிங்?" என்று மேசையில் இருந்தவர் சிரிக்க, பின்னால் நின்றவர்களும் சிரித்திருக்கிறார்கள். அவள் வாசலைத் தாண்டிப் போகும்போதுதான் கழுத்தில் தொங்கிய கல்லூரி அட்டையைக் காந்தாம்மா பார்த்தார். படிக்கிற பெண்ணுக்கு எதற்கு சீட்டு? அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூப்பிடுவதற்குள் அவள் கூட்டத்தில் மறைந்துவிட்டாள்.

மூச்சிரைக்க நூலகத்துக்கு ஓடி வந்தார். "சார், கண்ணாடி போட்ட பொண்ணு. பச்சை பேக். யாருன்னு தெரியுமா?"

தெரிந்தது. தர்மபுரியிலிருந்து வந்து இரண்டாம் வருடம் படிக்கும் தாரணி. அன்று காலைதான் ஆறு புத்தகங்களையும் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தாள். "இன்னும் பத்து நாள் இருக்கேம்மா" என்றேன். "இனிமே வேணாம் சார்" என்றாள். ஒழுங்கான பெண் என்று நினைத்தேன். என் புத்தி எங்கே போயிருந்ததோ! இப்போது நூலகப் பதிவேட்டில் அவளுடைய எண்ணைத் தேடினேன்.

இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை எடுத்தாள். காந்தாம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"கண்ணு, கேட்டு ஆன்ட்டி பேசுறேன். தப்பு என்னுது. உன்னை ராங்கா அனுப்பிட்டேன். எங்க இருக்க?"

பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது.

"என்னைத் திட்டணும்னு இருக்கா? திட்டு. ஆனா எறங்கி நின்னு திட்டு. நான் அங்கயே வரேன்."

கடைசியில் ஒரு ஸ்டாப்பின் பெயர் வந்தது. காந்தாம்மா ஓடினார். "கேட்டை விட்டுட்டு எங்கம்மா போற?" என்று சூப்பர்வைசர் சுப்ரமணியன் கத்தியதற்கு நிற்கவேயில்லை, யூனிஃபார்மோடு ஆட்டோவில் ஏறிவிட்டார். என் போனும் அவரோடு போய்விட்டது. நான் மூன்றாம் மாடிக்குப் போய் ஆலோசகரிடம் சொன்னேன். பிறகு நாற்பது நிமிடம் ஜன்னலில் நின்றேன். அப்படியொரு பயத்தை நான் அனுபவித்ததில்லை.

இருவரும் வந்தார்கள். தாரணியின் மணிக்கட்டைப் பிடித்த பிடியைக் காந்தாம்மா அறை வாசல்வரை விடவில்லை. கதவு சாத்தியதும், யாரும் எட்டிப் பார்க்காதபடி குறுக்கே நின்றுகொண்டார். கதவு திறந்தபோது தாரணியின் முகம் அழுது வீங்கியிருந்தது. இன்று இவளைத் தனியாக விடக்கூடாது, அம்மா கிளம்பி வந்துகொண்டிருக்கிறார் என்றார் ஆலோசகர்.

மறுநாள் காந்தாம்மாவுக்கு மெமோ வந்தது. கூட்டமான நாளில் இரண்டு மணி நேரம் கேட்டில் இல்லாததற்கு விளக்கம் எழுதித் தர வேண்டும். எழுத என்னிடம் வந்தார்.

"நடந்ததை அப்படியே எழுதிடலாம். யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்றேன்.

"எழுதினா ஆபீஸ் பூரா சுத்தும் சார். அப்புறம் அந்தப் பொண்ணு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இந்த கேட்ல வரும்? டீ குடிக்கப் போனேன்னு எழுதுங்க."

"ரெண்டு மணி நேரமா டீ குடிச்சீங்க?"

"எழுதுங்க சார், சும்னே. பேசாம எழுதுங்க."

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுதிக் கொடுத்தேன். காவலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி அவரை ஊருக்கு வெளியே அத்திபெலேயில் ஒரு குடோனுக்கு மாற்றிவிட்டது. ஒக்கலிபுரத்திலிருந்து இரண்டு பஸ்.

தாரணி வாராவாரம் மூன்றாம் மாடிக்குப் போகிறாள். ஆகஸ்டில் ஒருநாள் என்னிடம் வந்து, "கேட்டு ஆன்ட்டி எங்க சார்? காணோமே" என்றாள்.

"அவங்களே கேட்டு மாத்திக்கிட்டாங்கம்மா."

"நல்ல எடமா சார்?"

"வீட்டுப் பக்கத்துலயே" என்றேன்.