பிடிக்க வராத கைகள்

பனவடலிசத்திரம் பெண்கள் கபடி அணியில் சுமதி பாடிப் போனால், எதிரணியில் நாலு பேராவது சேர்ந்துதான் அவளை அமுக்க வேண்டும். கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்து, இரண்டு பிள்ளைகளை வயிற்றைக் கீறி எடுத்தபின், அந்தப் பெயர் ஊரோடு நின்றுவிட்டது. இளையவனுக்கு இரண்டு வயதாகியும் வயிறு இறங்கவில்லை. பேருந்தில் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்து, "எத்தன மாசம்?" என்று கேட்டாள். சுமதி அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டாள்.

ஆடி மாதம் பழைய கூட்டாளி பேச்சித்தாய் போன் செய்தாள். "ஏட்டி, பொங்கலுக்குக் கல்யாணமான பொம்பளைகளுக்கு மேட்ச் வைக்கோம். ஆட வாரியா, இல்ல தொந்தியத் தூக்கிட்டு வேடிக்க பாக்க வாரியா?"

மறுநாள் காலையிலிருந்து சுமதி மல்லாந்து படுத்து, எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். எழும்போதெல்லாம் தொப்புளுக்கு மேலே நடுவயிறு கூரை முகடுபோல் புடைத்தது. இடுப்பும் வலித்தது.

ரயில் நிலையத்துப் பக்கம் பிசியோதெரபி பார்க்கும் ஆபிதா பானு அவளைப் படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொல்லி, நடுவயிற்றை அழுத்திப் பார்த்தாள். மூன்று விரல் இறங்கியது.

"பிள்ளைக்கு இடம் கொடுத்துச் சதை ரெண்டா விலகியிருக்குக்கா. எந்திச்சி எந்திச்சி உக்காந்தா இன்னும் பிதுங்கத்தான் செய்யும். முட்டிய மடக்கிப் படுங்க. மூச்ச விட்டுக்கிட்டே அடிவயித்த உள்ள இழுத்து, ஒரு குதிகால மெதுவா நீட்டுங்க. தம் கட்டாதீங்க."

"தறிக்கூடத்துல நூல் மூட்டையத் தூக்குததே தம் கட்டித்தான் மேடம். வேற மாதிரி வரமாட்டேங்கு."

"அப்பம் பேசிக்கிட்டே செய்யுங்க. பேச்சு வந்தா மூச்சு போகுதுன்னு அர்த்தம்."

"என்னத்தப் பேச?"

"வாயில வாரத."

வாயில் வந்தது "கபடி, கபடி, கபடி". பானு சிரித்துவிட்டாள். கால் நீண்டது, வயிறு புடைக்கவில்லை.

வீட்டிலும் அதே பாட்டுதான். கணவன் சுடலைராஜ், "படுத்துக்கிட்டே யாரட்டி அவுட்டாக்குத?" என்று கேட்டான். ஐப்பசியில் முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் உடம்பைத் தாங்கினாள். மார்கழிக் கடைசியில் பானுவின் ஒரு விரல்தான் இறங்கியது.

"ஓடலாம்க்கா. இழுபறி மட்டும் இந்த வருஷம் வேண்டாம்."

பொங்கலுக்கு மறுநாள் ஊர் மைதானத்தில், பானு சொன்னதைச் சுமதி பேச்சித்தாயிடம் சொல்லித் தொலைத்தாள். பேச்சித்தாய் ஆட்டத்தை நிறுத்தினாள். "மக்கா, இவ ஒருதடவ பாடிட்டு வரட்டும். யாரும் கைவைக்காதீங்க."

சுமதி கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே போனாள். பாட்டு அறுபடவில்லை. அடிவயிறு தானாகவே உள்ளே கவ்வியது. ஒருத்தியின் தோளைத் தொட்டாள், இன்னொருத்தியின் முழங்காலை. கடைசிக் கோடு வரை போனாள். எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாமி பல்லக்குக்கு வழி விடுவதுபோல் விலகி நின்றார்கள். திரும்புகையில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். அந்தக் காலத்தில் புழுதிக்குள்ளிருந்து கணுக்காலைத் தேடி வரும் கைகளில் ஒன்றுகூட வரவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். சுடலைராஜ் விசிலடித்தான்.

அடுத்த வாரம் பானு, "போனீங்களாக்கா? சந்தோஷம்தானே?" என்று கேட்டாள்.

"பாட்டு நல்லா வந்துச்சு மேடம்." சுமதி படுத்து முட்டியை மடக்கினாள். "அடுத்த பொங்கலுக்கு நாலு பேரு அமுக்கினாலும் தாங்கணும். அதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க."