நன்றி சொல்லப் போன ஊர்வலம்

“...அதோடை, போன கிழமை இதே றோட்டிலை எங்களைப் பொல்லாலை கலைச்சவை, இண்டைக்குக் கயிறு பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்திருக்கினம். அவைக்கும் எங்கடை நன்றி.”

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் நின்று மைக்கில் இப்படிச் சொன்னவர், குருநகரில் மீன் விற்கும் அக்கா. மைக் என்னுடையது. என் பழைய காரின் கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கியும் என்னுடையதுதான். அன்று காலைதான் அது பொலிஸ் காவலிலிருந்து விடுதலையாகி வந்திருந்தது.

எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம். கடலுக்குப் போகத் தடை. குருநகரில் வள்ளங்கள் கரையில் காய்ந்து கிடந்தன, வீடுகளில் சட்டிகளும் அப்படித்தான். தடையை எடுக்கச் சொல்லி கச்சேரியில் இருக்கும் அரசாங்க அதிபரின் கையில் மனுக் கொடுப்பதென்று பெண்கள் முடிவெடுத்து, என் ஒலிபெருக்கியை வாடகைக்குக் கேட்டார்கள்.

அவர்களுக்கு இரண்டு நாள் முந்தி ஆளுங்கட்சிக்காரர் அதை எடுத்திருந்தார்கள். அரசாங்கத்துக்கு நன்றி சொல்லும் ஊர்வலமாம். எதற்கு நன்றி என்று நான் கேட்கவில்லை. வாடகைக்குப் போகிறவன் அதெல்லாம் கேட்கப்படாது. பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் நாற்பது பேர் இருக்கும், பொலிஸ்காரர் அதைவிடக் கொஞ்சம் கூட. றோட்டின் இரண்டு கரையிலும் கயிறு பிடித்து வாகனங்களை மறித்தார்கள். இன்ஸ்பெக்டர் தானே என் காரில் ஏறி ஒலிபெருக்கியை நேராக்கிவிட்டார். ஒரு பொலிஸ்காரர் எனக்குச் சோடாவும் வாங்கித் தந்தார்.

பிறகு அதே றோட்டில், அதே காரோடு பெண்கள் போனார்கள். ஆஸ்பத்திரிச் சந்தி கூடத் தாண்டவில்லை. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று பொல்லுகள் வந்துவிட்டன. அக்காவின் மனு சேற்றுக்குள் போனது. எனக்குச் சோடா தந்த அதே பொலிஸ்காரர் “நீ ஆர்?” என்று கேட்டு, ஒலிபெருக்கியை அவிழ்த்துக்கொண்டு போனார். அனுமதி இல்லையாம். அனுமதி கேட்டுப் போட்ட விண்ணப்பம் அவர்களுடைய மேசையில்தான் கிடந்தது.

அக்கா லேசில் விடுகிற ஆளில்லை. கோயில் திருநாளுக்கு ஒலிபெருக்கி அனுமதி எடுக்க வருடாவருடம் பொலிசுக்குப் போய்வருகிறவர் அவர். வள்ளமும் வலையும் வைத்து ஆட்களை ஏவுகிற முதலாளி மாதிரி என்று இன்ஸ்பெக்டருக்கு ‘காக்கிச் சம்மாட்டி’ எனப் பட்டம் வைத்ததும் அவர்தான். புது விண்ணப்பம் எழுதச் சொல்லி என்னிடம் வந்தார்.

“தம்பி, உவர் நோக்கம் எண்ட இடத்தை மட்டுந்தான் வாசிக்கிறவர். அதிலை நன்றி தெரிவித்தல் எண்டு போடு.”

ஆருக்கு, எதற்கு என்று கேட்டேன்.

“அதை நான் நேரை சொல்லுவன்.”

அக்கா சொன்னபடியே நடந்தது. நோக்கத்தை வாசித்த இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்து கையெழுத்து வைத்தார். என் ஒலிபெருக்கி வெளியே வந்தது. ஆஸ்பத்திரிச் சந்தியில் வாகனங்களை மறித்து, கயிறு பிடித்து, எங்களைக் கச்சேரி வாசல்வரை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இப்போது அரசாங்க அதிபர் வெளியே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டருக்கு வியர்த்தது. நன்றி சொல்கிறவர்களை அடிக்க என்ன சட்டம் இருக்கிறதென்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

அக்கா மைக்கை என்னிடம் தந்தார். மீன் விற்கிற ஓலைக் கடகம் வெறுமையாய் இருந்தது; அதற்குள் இருந்து புது மனுவை எடுத்து அரசாங்க அதிபரின் கையில் கொடுத்தார். பிறகு பொலிஸ் பிடித்திருந்த கயிற்றுக்கு உள்ளேயே, கடகத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பதில் கிடைக்காமல் எழும்புவதில்லை என்கிற மாதிரி நடுறோட்டில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார்.